பண்ணை நோட்டில் ஏறாத கணக்கு

1930களின் விலை வீழ்ச்சியில் அமெரிக்க உழவர்கள் எழுதிய பாட்டுகள்

டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி எடுப்பு முடிந்து, பஞ்சு பிரித்து, பொதி கட்டியாகிவிட்டது. பண்ணையார் வீட்டு வாசலில் வாரதாரர்கள் காத்து நிற்கிறார்கள். உள்ளே மேசைமேல் ஒரு பெரிய நோட்டு. வருடம் முழுக்கப் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் செருப்பு எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. அதற்கான வட்டியும் ஏறியிருக்கிறது. பஞ்சு என்ன விலைக்குப் போனது என்பதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. எழுதியவர் பண்ணையார். கூட்டிப் போட்டவரும் அவரே. வாரதாரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொன்ன தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல வருடங்களில் அந்தத் தொகை பூஜ்யமாக இருக்கும், அல்லது இன்னும் இவ்வளவு பாக்கி என்று இருக்கும்.

நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாதா? முடியாது. கறுப்பின உழவராக இருந்தால் அறவே முடியாது. 1919ல் இதே மாநிலத்தில் எலைன் என்ற ஊர்ப்பக்கம், விற்ற பருத்திக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும் என்று சங்கமாகக் கூடிய கறுப்பின உழவர்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு எல்லா வீடுகளிலும் இருந்தது.

அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, உலகம் முழுக்க விலைகள் விழுந்த காலத்தில், இந்த வாரதாரர்களில் சிலர் தங்கள் கணக்கைப் பாட்டாக எழுத ஆரம்பித்தார்கள். அவற்றை இலக்கியம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. எழுதியவர்களும் அப்படி நினைத்து எழுதவில்லை.

ஒரு பொதிக்கு என்ன மிஞ்சியது?

அந்தப் பாட்டுகள் புரிய வேண்டுமானால் முதலில் விலையைப் பார்க்க வேண்டும். 1929ல் ஒரு பவுண்டு பஞ்சுக்கு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடைக்கு, அமெரிக்க உழவருக்குக் கிடைத்தது சுமார் 17 சென்ட். 1931ல் அது சுமார் 6 சென்ட். ஒரு பொதி என்பது 500 பவுண்டு, நம் கணக்கில் 227 கிலோ. ஆக, 85 டாலருக்குப் போன பொதி இரண்டே வருடத்தில் 30 டாலருக்கு இறங்கிவிட்டது.

வாரதாரருக்கு நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் பண்ணையார் தருவார். உழைப்பு முழுவதும் குடும்பத்துடையது. விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. அன்றைய சராசரி மகசூலில் ஒரு குடும்பம் 15, 20 ஏக்கர் பாடுபட்டால் ஐந்து முதல் ஏழு பொதி தேறும். ஆறு பொதி என்றே வைத்துக்கொள்வோம். தன் பங்கு மூன்று. 30 டாலர் வீதம் 90 டாலர். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் விதைப்பு முதல் டிசம்பர் வரை வேலை செய்ததற்கு இவ்வளவுதான். பண்ணைக் கடைக் கடனை இதில்தான் கழிக்க வேண்டும்.

கடையில் விற்கும் பொருளின் விலை இந்த வேகத்தில் இறங்கவில்லை. பருத்திக்காரர்களுக்கு இது பழைய வயிற்றெரிச்சல்தான். பெரு வீழ்ச்சிக்கு முன்பே, 1928ல், பருத்தி பதினோரு சென்ட், இறைச்சி நாற்பது சென்ட் என்பதையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வந்து, கிராமபோன் தட்டுகளில் ஊரெங்கும் பரவியது. விற்கிற விலையையும் வாங்குகிற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அந்தத் தலைப்பு. ஒரு விவசாயிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மூன்று வருடத்தில் அந்தப் பதினொன்றும் ஆறாகிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பண்ணைகளில் வீட்டு வாசற்படிவரை பருத்திதான். காய்கறி போட, கோழி வளர்க்க இடம் விடுவதைப் பல பண்ணையார்கள் விரும்பவில்லை. காய்கறிக்கு விடுகிற நிலம் அவர்களுக்கு நஷ்டம். கடையில் சாமான் வாங்குகிற குடும்பம் அவர்களுக்கு லாபம். சோளமாவு, பன்றிக்கொழுப்பு, கரும்புப்பாகு என்று மூன்றையே மாற்றி மாற்றிச் சாப்பிட்டதால் பெல்லாக்ரா என்னும் நோய் தென் மாநிலங்களில் பரவலாக இருந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, முற்றினால் புத்தி தடுமாறும். அது தொற்றுநோய் அல்ல, சத்துக்குறைவு என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1920களுக்குள்ளேயே காட்டிவிட்டார். ஆனால் வாசலில் நாலு கீரைப்பாத்தி போட வாரதாரருக்கு அனுமதி வேண்டியிருந்தது. இந்தப் பாட்டுகளில் சாப்பாடு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். பசி மட்டும் அல்ல, சுற்றிலும் மண் இருந்தும் தனக்கென்று ஒன்றும் விதைக்க முடியாத ஆத்திரமும் அதில் உண்டு.

காய்த்த செடியை உழுத வருடம்

1933ல் புதிய அரசு ஒரு வேளாண் சட்டம் கொண்டுவந்தது. பருத்தி மிதமிஞ்சி இருக்கிறது, பரப்பைக் குறைத்தால் விலை ஏறும் என்பது அதன் கணக்கு. சட்டம் வருவதற்குள் செடி வளர்ந்துவிட்டது. அதனால் அந்தக் கோடையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது மடக்கச் சொல்லி, அதற்குப் பணமும் கொடுத்தார்கள். செடியை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் வரிசைமேல் ஏற மறுத்து நின்றன என்று அந்நாளில் பரவலாகப் பேசிக்கொண்டார்கள். கழுதைக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்குத் தெரியவில்லையே என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

விலை ஓரளவு ஏறியது உண்மை. 1929க்குப் பிறகு விழுந்து கிடந்த விவசாயத்துக்கு அரசு கைகொடுத்ததும் உண்மை. ஆனால் பணம் யார் கைக்குப் போனது என்பதில்தான் தவறு நடந்தது. பரப்பைக் குறைத்ததற்கான தொகையில் பெரும்பகுதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே போனது. பரப்பு குறைந்தால் ஆளும் குறைவாகப் போதும். வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினால் இன்னும் குறைவாகப் போதும். வாரதாரர்களைக் காலி செய்யச் சொல்லும் வேலை தொடங்கியது. ஒரு திட்டம் நல்ல எண்ணத்தில் வந்தாலும், பயிர் செய்கிறவர் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வேளாண் துறையில் வேலை செய்த எவரும் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள்.

1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரன்ஸா என்ற சிற்றூரில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். பதினொருவர் வெள்ளையர், ஏழு பேர் கறுப்பர். இரு நிறத்தாரும் ஒன்றாக உட்காருவதே ஆபத்தாக இருந்த ஊரில், தெற்கு வாரதாரர் விவசாயிகள் சங்கம் அன்று பிறந்தது. அந்தச் சங்கம் ‘வாரதாரர் குரல்’ என்று ஒரு பத்திரிகை நடத்தியது. அதில் பாட்டு எழுத வந்தவர்தான் ஜான் ஹேண்ட்காக்ஸ்.

பத்திரிகைக்கு எழுதிய வாரதாரர்

ஹேண்ட்காக்ஸ் 1904ல் ஆர்கன்சாவின் பிரிங்க்லி ஊர்ப்பக்கம் பிறந்தவர். தாத்தா பாட்டி காலத்தில் அடிமைகளாக இருந்த குடும்பம். பள்ளியில் படித்தது கொஞ்சம்தான். ஆனாலும் பால் லாரன்ஸ் டன்பார் என்ற கறுப்பினக் கவிஞரின் பாடல்களைச் சிறுவயதிலேயே படித்து, அவரைப்போல எழுத ஆசைப்பட்டவர்.

அவர் எழுதிய ஒரு கவிதையின் பெயரே பண்ணையாரும் வாரதாரரும் என்பதுதான். இவர் எப்படி வாழ்கிறார், அவர் எப்படி வாழ்கிறார் என்று இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்குகிறது. உடை, சாப்பாடு, வீடு, பிள்ளையின் படிப்பு என்று ஒவ்வொன்றாக வருகிறது. பண்ணையார் மேசையில் இருந்த நோட்டின் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் இவர் திருப்பி எழுதினார் என்று சொல்லலாம். உவமையோ அலங்காரமோ அதிகம் கிடையாது. எதுகை இருக்கும், ஏனென்றால் எழுத்து தெரியாதவர் மனத்தில் நிற்க அது வேண்டும்.

பாட்டுகளுக்கு மெட்டு தேவாலயத்திலிருந்து வந்தது. எல்லாருக்கும் தெரிந்த பக்திப்பாட்டின் மெட்டில் தேரை உருட்டு என்ற இடத்தில் சங்கத்தை உருட்டு என்று மாற்றிப் போட்டார். ஒருவர் அடி எடுத்தால் நூறு பேர் பின்பாட்டுப் பாடலாம். 1936 வசந்தத்தில் பருத்திக் களைவெட்டுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆட்கள் சாலையில் வரிசையாகப் பாடிக்கொண்டே போய், வயலில் குனிந்திருப்பவர்களைக் கூப்பிட்டார்கள். நடவு வயலில் ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டாம்.

அதே வருடம் ஹேண்ட்காக்ஸை எச்சரித்து ஒரு தகவல் வந்தது. கயிறு தயாராக இருக்கிறது, மரக்கிளையும் பார்த்தாகிவிட்டது, ஆள்தான் பாக்கி என்பது அதன் சாரம். தெரிந்த ஒருவர் சொன்னதால் உயிர் தப்பியது. குடும்பத்தை விட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஓடினார். நாலு அடி பாட்டுக்காக ஒருவரைத் தூக்கில் போட நினைத்தார்கள் என்றால், அந்தப் பாட்டு எங்கே சுட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். 1937 மார்ச்சில் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்காக அவருடைய பாட்டுகளை ஒலித்தட்டில் பதிவு செய்தார்கள். அந்தக் குரல் இன்றும் அங்கே இருக்கிறது.

புழுதியும் டிராக்டரும்

அமெரிக்க விவசாயிகளின் 1930களைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டது புழுதிப் புயலைத்தான். அதைப் பாட்டாக்கிப் புகழ்பெற்றவர் வுடி கத்ரி. 1912ல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, வானத்தை மறைத்துக்கொண்டு கறுப்புச் சுவர்போலப் புழுதி வந்தபோது அவர் டெக்சஸ் மாநிலத்தின் பாம்பா ஊரில் இருந்தார். உலகமே முடிகிறது என்று நினைத்தவர்கள் ஒருவருக்கொருவர் விடைபெற்றுக்கொண்டார்கள். அந்த அனுபவம்தான் அவர் பாட்டுகளில் ஒன்றாக ஆனது. 1940ல் அவருடைய புழுதிக் காலப் பாட்டுகள் தொகுப்பாக வந்தன.

அந்தப் புழுதிக்குப் பின்னாலும் விலைதான். 1925க்கும் 1930க்கும் இடையே தெற்குச் சமவெளியில் ஐம்பது லட்சம் ஏக்கருக்கும் மேல் புல்வெளியைச் சட்டிக்கலப்பையால் புரட்டிக் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். 1929ல் 27 கிலோவுக்கு ஒரு டாலர் கிடைத்தது. 1931ல் நாற்பது சென்ட்டுக்கும் கீழே போனது. விலை குறைந்ததை ஈடுகட்ட இன்னும் அதிகம் உழுதார்கள். பிறகு மழை பொய்த்தது. வேரால் மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல் போய்விட்டதால், பொடியான மேல்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. 1935ல்தான் மண்வளப் பாதுகாப்புக்கென்று தனித்துறை வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, தாளை வயலிலேயே விடுவது, காற்றுத்தடுப்பு மரவரிசை என்று நாம் இன்று சொல்லிக்கொடுக்கும் பலவற்றை அந்தத் துறை அங்கே ஊர் ஊராகக் கொண்டுபோனது.

ஆனால் ஒரு திருத்தம் தேவை. கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டியவர்களில் பெரும்பாலோர் புழுதிப் புயல் அடித்த பகுதிக்காரர்கள் அல்ல. ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதி, ஆர்கன்சா, டெக்சஸ், மிசௌரி பக்கத்துப் பருத்தி வாரதாரர்களும் கூலிகளும்தான் அதிகம். அவர்களை வெளியேற்றியது விலையும் வறட்சியும் டிராக்டரும். புழுதி படம் பிடிக்க வசதியானது. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் காலி செய்யச் சொன்னதை யாரும் படம் பிடிக்கவில்லை. டிராக்டர் வந்து எங்களைத் தள்ளிவிட்டது என்ற பேச்சு ஓக்லஹோமாக்காரர்களின் பேச்சிலும் பாட்டிலும் அப்போதே இருந்தது.

அந்தப் பத்தாண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நாலு மாநிலங்களிலிருந்து கலிபோர்னியா போனார்கள். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறைத் தலைவர் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார். சொந்த நாட்டுக்குள் நடந்தது இது. கத்ரியின் ஒரு பாட்டு இதைத்தான் கேலி செய்கிறது: தோட்டமெல்லாம் பழம், பார்க்க அழகு, ஆனால் பையில் காசு இல்லாதவருக்கு அந்த ஊர் எதற்கு என்று.

அந்த வருடங்களில் சென்னை மாகாணத்திலும் நெல்விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்து, நிலவரியும் வட்டியும் அப்படியே நின்றன. விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது 1938ல்தான். தாத்தா அப்போது பட்ட கடனைப் பற்றிய பேச்சு சில குடும்பங்களில் இன்னும் இருக்கலாம்.

முகாம் பத்திரிகை

கலிபோர்னியாவில் வந்தவர்களுக்குக் கிடைத்தது பருத்தி எடுப்பும் பழம் பறிப்பும். 1938ல் 45 கிலோ பருத்தி எடுத்தால் 75 சென்ட் என்று கூலி நிர்ணயித்தார்கள். சாக்கை இடுப்பில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே எடுக்க வேண்டும். வாய்க்கால் கரையில் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசை. ‘ஓக்கி’ என்று உள்ளூர்க்காரர்கள் கூப்பிட்டால் அது ஊர்ப்பெயர் இல்லை, வசவு. சில கடைகளில் உள்ளே விடமாட்டார்கள்.

மத்திய அரசு சில முகாம்கள் கட்டியது. ஆர்வின், ஷாஃப்டர், விசேலியா என்று பல ஊர்களில். தண்ணீர், கழிப்பறை, நர்ஸ், சனிக்கிழமை இரவில் ஆட்டம் பாட்டம். நிர்வாகம் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடம். ஒவ்வொரு முகாமும் கையால் சுற்றும் உருளை எந்திரத்தில் நகலெடுத்து ஒரு பத்திரிகை போட்டது. எங்கே வேலை இருக்கிறது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது, குழு எடுத்த முடிவு, கழிப்பறையை அசுத்தம் செய்கிறவர்மேல் புகார் என்று எல்லாம் அதில் வரும். நம் இதழின் கேள்வி பதில் பக்கத்தைப் படிக்கிறவருக்கு அது புதிதாகத் தோன்றாது. நடுவில் கவிதைகள். பருத்திச் சாக்கைப் பற்றி, எடை போடுகிறவரைப் பற்றி, வழியில் வெடித்த டயரைப் பற்றி, விட்டு வந்த கிணற்றைப் பற்றி எழுதினார்கள். பெண்கள் நிறைய எழுதினார்கள்.

எல்லாமே நல்ல கவிதை என்று சொல்ல முடியாது. சிலது வெறும் எதுகை. ஊரைப் பற்றிய ஏக்கத்தில், அங்கே பட்ட பாட்டை மறந்துவிட்டு எழுதியதும் உண்டு. ஆனால் அந்த நாளின் கூலி, எடை, விலை ஆகியவற்றைப் பொறுத்தவரை அவர்கள் தவறவில்லை. 1940, 41 கோடைகளில் சார்லஸ் டாட், ராபர்ட் சாங்கின் என்ற இருவர் கனமான ஒலிப்பதிவுக் கருவியை வண்டியில் போட்டுக்கொண்டு முகாம் முகாமாகப் போய், இவர்களுடைய பாட்டையும் பேச்சையும் தட்டில் பிடித்தார்கள். ஹேண்ட்காக்ஸின் குரல் இருக்கும் அதே நூலகத்தில் இவையும் இருக்கின்றன.

அட்டைப்பெட்டியில் இருந்த கவிதைகள்

இப்படி வந்தவர்களில் ஒருவர் வில்மா எலிசபெத் மெக்டேனியல். 1918ல் ஓக்லஹோமாவில் வாரதாரர் குடும்பத்தில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். 1936ல் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு வந்து, வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் போனார். சிறுமியாக இருந்த காலம் முதலே கிடைத்த காகிதத்தில் எழுதிவந்தார். மளிகைப்பை, பழைய கடித உறை எதுவானாலும் சரி. எழுதியதை யாருக்கும் பெரிதாகக் காட்டவில்லை. ஓக்கி என்று ஏளனம் செய்யும் ஊரில் ஒரு கூலிக்காரப் பெண் கவிதை எழுதுகிறாள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவருடைய கவிதைகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு பேச்சு. ஒட்டுப்போட்ட துணி, காலை அடுப்பில் வெந்த ரொட்டி, வழியில் இறந்துபோன உறவுக்காரர், பணம் வந்தபிறகு பழையதைப் பேச விரும்பாத சித்தப்பா இப்படி. ஹேண்ட்காக்ஸின் பாட்டில் இருக்கும் கோபம் இவரிடம் குறைவு. அவர் பாட்டு நூறு பேர் சேர்ந்து பாட எழுதப்பட்டது. இவருடையது அடுப்படியில் மெதுவாகச் சொல்வதுபோல இருக்கும். ஒரு குடும்பம் வறுமையில் என்னென்ன சாப்பிட்டது, எதை விற்றது, எதை மட்டும் விற்க மறுத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இவரிடம்தான் போக வேண்டும்.

ஐம்பது வயதைக் கடந்தபிறகு ஒருநாள், பெட்டியில் சேர்ந்திருந்த கவிதைகளை எடுத்துக்கொண்டு டுலேரி என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனார். ஆசிரியர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுப் பிரசுரிக்கத் தொடங்கினார். 1973ல் முதல் புத்தகம் வந்தது. அதன்பிறகு இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். எந்த ஊர் இவர்களை வசவுப்பெயரால் கூப்பிட்டதோ, அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஓக்கிகளின் கவிஞர் என்ற பெயர் மரியாதையாக அவருக்கு ஒட்டிக்கொண்டது.

ஹேண்ட்காக்ஸும் கலிபோர்னியா வந்தார், 1940களில். சான் டியேகோ நகரத்தில் தச்சுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். கத்ரியும் இன்னும் இருவரும் சேர்ந்து 1940வாக்கில் தொகுத்த ஏழைகளின் பாட்டுப் புத்தகத்தில் அவருடைய பாட்டுகளும் இருந்தன. அந்தப் புத்தகம் அச்சானது 1967ல். அவர் எழுதிய சங்கப் பாட்டை நாடு முழுவதும் தொழிலாளர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் எப்போதோ இறந்திருப்பார் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1980களில் பழைய சங்கத்தார் மறுபடி கூடியபோது அவர் வந்து நின்றார். எண்பது வயதை நெருங்கியிருந்தார். பழைய பாட்டுகளைப் பாடினார். பிறகு அந்தக் காலத்து ஜனாதிபதியைப் பற்றிப் புதிதாகவும் எழுத ஆரம்பித்தார்.